பதர் அடைத்த ரேடியேற்றர்: மேப்பிள் கிறீக்கிலிருந்து ரோஸ்டவுன் வரை ஒரு நாள்

ரேடியேற்றர் முன்னால் நின்று பார்க்க வடிவாகச் சுத்தமாக இருந்தது. கிறிலுக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வெட்டுக்கிளி, கொஞ்சம் தூசி, வேறொன்றும் இல்லை. அதை நம்பித்தான் காலையில் வண்டியை எடுத்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு அதே ரேடியேற்றரின் முன்னாலிருந்து ஒரு ஷொப்பிங் பை நிறையப் பதர் அள்ளியிருந்தோம். அறுவடைக் காலத்தில் கனடாவின் புல்வெளி மாகாணங்களுக்குள் ஆர்வி என்கிற வீட்டு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வண்டி 28 அடி மோட்டார் ஹோம். 6.8 லீற்றர் வி10 பெற்றோல் இன்ஜின், இரண்டாம் கையாக வாங்கியது. கல்கரியிலிருந்து நானும் மனைவியும் கிளம்பி அது மூன்றாம் நாள், செப்டம்பர் முதல் கிழமை. சஸ்கச்சுவான் மாகாணத்தில் கோடைக்கென்று மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுவதில்லை. அதனால் கோடையில் கல்கரி இருக்கிற அல்பேர்ட்டாவின் நேரமும் அவர்களுடைய நேரமும் ஒன்றாகவே இருக்கும். மணி மாற்றுகிற வேலை இல்லை. மேப்பிள் கிறீக்கில் காலை ஏழரைக்கே தண்ணீர்க் குழாயையும் கரண்ட் வயரையும் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்தாயிற்று. நெடுஞ்சாலை 1இல் கிழக்கே ஸ்விஃப்ட் கரண்ட் வரை ஏறத்தாழ 135 கிலோமீற்றர், அங்கிருந்து நெடுஞ்சாலை 4இல் வடக்கே ரோஸ்டவுன் வரை 170, பிறகு நெடுஞ்சாலை 7இல் சாஸ்கடூனுக்கு இன்னுமொரு 115. இரவு சாஸ்கடூனில் என்பதுதான் திட்டம்.

ரயர்களுக்குக் காற்றுப் பார்ப்பது, எண்ணெய்க் கோல் பார்ப்பது, காஸ் சிலிண்டரைப் பூட்டுவது எல்லாம் வழக்கம்போல. எங்கள் ஃபிரிட்ஜ் காஸ் சுடரில் ஓடுவது, ஆனால் வண்டி ஓடும்போது நான் காஸைத் திறந்து விடுவதில்லை. காய்ந்த தாளும் தூசியும் பறக்கிற மாதத்தில் வண்டியின் விலாவில் ஒரு நெருப்புச் சுடரை எரியவிட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வராது. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் ஐந்து மணித்தியாலம் குளிர் தாங்கும்.

இந்தச் சமவெளியைச் சப்பை என்று சொல்கிறவர்கள் அறுவடைக் காலத்தில் ஒருதரம் வந்து பார்க்க வேண்டும். 1871இல் தொடங்கிய நில அளவையில் இந்தப் புல்வெளியை ஒரு மைல் நீளம் ஒரு மைல் அகலம் என்று சதுரம் சதுரமாகக் கோடு கிழித்தார்கள். ஒரு சதுரம் 640 ஏக்கர். அந்தக் கோடுகள்தான் இன்றைக்கும் கிரவல் ரோட்டுகள். ஒரு சதுரத்தில் டியூரம் கோதுமை வெட்டி முடிந்து வெறும் தாள்; அடுத்ததில் எண்ணெய் வித்துப் பயிரான கனோலாவை அரிந்து நீள நீள வரியாகக் காயப் போட்டிருக்கிறார்கள்; அதற்கடுத்ததில் நிலத்தோடு ஒட்டிக் கபில நிறத்தில் ஏதோ கிடக்கிறது, அது என்னவென்று பின்னேரம்தான் விளங்கியது. தூரத்தில் ஒரு தானியக் களஞ்சியம் தெரியும். ஓடுவீர்கள், ஓடுவீர்கள், கால் மணித்தியாலம் கழித்துத்தான் அது கிட்ட வரும். குதிரை வண்டியில் ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று இரயில் பாதையோரம் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு ஒன்றாக ஒரு காலத்தில் மரக் களஞ்சியங்கள் நின்றன. இப்போது பெரும்பாலும் கொங்கிரீட் கோபுரங்கள், அதுவும் எண்ணி எடுக்கக் கூடியவை.

காற்று தென்மேற்கிலிருந்து நல்ல பலமாக அடித்தது. எங்களுக்குப் பின்காற்று. வழக்கமாக நூறு கிலோமீற்றருக்கு 25 லீற்றர் குடிக்கிற வண்டி ஸ்விஃப்ட் கரண்டில் பெற்றோல் அடிக்கும்போது 21தான் காட்டியது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். இன்ஜின் தண்ணீரின் சூட்டை, வண்டியின் கணினியிலிருந்து எண்களை வாசிக்கிற ஓபிடி ரீடர் பூட்டி ஃபோனில் பார்ப்பது என் பழக்கம். சமதரையில் 92, 93 பாகையில் நிற்கிற வண்டி அன்று 97இல் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே 28 பாகை வெயில், அதனால்தான் என்று விட்டேன். டாஷ்போர்டு முள் நடுவிலேயே ஆடாமல் நின்றது. இந்த மாதிரி முள்கள் பல பாகை வித்தியாசத்தை விழுங்கிவிட்டு நடுவிலேயே நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. அவை அசையும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். வாகனத்துக்குள் நம்ப வேண்டியது எண்ணைத்தான்.

ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றரில் சமதரை திடீரென்று முடிகிறது. கீழே தென் சஸ்கச்சுவான் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1967இல் கட்டி முடித்த கார்டினர் அணையால் தேங்கிய டீஃபன்பேக்கர் ஏரியின் தண்ணீர் இந்த இடம் தாண்டியும் நிற்கிறது. சஸ்கச்சுவான் லாண்டிங் என்று பெயர். நீலத் தண்ணீரும் மொட்டை மேடுகளும் பார்க்கக் கொள்ளை அழகு. இரண்டாம் கியரில் மெதுவாக இறங்கினோம், பாலம் கடந்தோம், மறுபக்கம் ஏற்றம் தொடங்கியது.

பாதி ஏற்றத்தில் மனைவி ஃபோனைப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, நூற்றி நாலு காட்டுது" என்றா. வண்டி 55 வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முதுகில் அதே பின்காற்று. முன்னால் பாய்ந்து ரேடியேற்றரைக் குளிரவைக்க வேண்டிய காற்றை அது தின்றுகொண்டிருந்தது. 107. இன்ஜின் விசிறி லொறி போல இரையத் தொடங்கியது. 110. ஏசியை நிற்பாட்டினேன். கியரைக் குறைத்து மிதியைத் தளர்த்தினேன். ஹீற்றரை முழுச் சூட்டில், முழு விசிறியில் திறந்தேன். ஹீற்றரும் ஒரு சின்ன ரேடியேற்றர்தான். இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கைக் கார் அறைக்குள் இழுத்துவிடும். ஜன்னல்களைத் திறந்து வியர்த்து ஒழுக ஒழுக 113இல் மேட்டுக்கு வந்தோம். அப்போதுதான் டாஷ்போர்டு முள் முதல் தடவையாக அசைந்தது.

எங்கே நிறுத்துவது என்பது இந்தக் காலத்தில் பெரிய விஷயம். ரோட்டோரப் புல்லும் வெட்டிய தாளும் நெருப்புப் பெட்டி போல இருக்கும். வண்டிக்கு அடியில் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் அந்த நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் காய்ந்த தாள் பட்டால் வண்டியோடு வயலும் போகும், ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பும் போகும். அதனால் புல்லில் இறக்காமல், ஒரு கிரவல் ரோட்டு பிரிகிற இடம் வரும்வரை உருட்டிக்கொண்டு போய் வெறும் கல்லில் நிறுத்தினேன். இன்ஜினை உடனே அணைக்கவில்லை. இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு 106க்கு இறங்கிய பிறகு அணைத்தேன். ரேடியேற்றர் மூடியைத் தொடவில்லை. சூட்டோடு அதைத் திறந்து முகம் வெந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டோம். சேமிப்புப் போத்தலில் தண்ணீர் அளவு சரி. ஒழுக்கு இல்லை, இனிப்பு மணம் இல்லை, பெல்ற் இறுக்கமாக இருக்கிறது. விசிறி இரைந்ததைக் காதால் கேட்டேன், ஆகவே அதன் கிளச்சும் வேலை செய்கிறது. மிஞ்சியது சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்டாற், தண்ணீர்ப் பம்ப், காற்றோட்டம். முதலாவதுதான் பழுது என்றால் சமதரையிலும் தறிகெட்டுப் போயிருக்கும் என்று யோசித்து, காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்தேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, விசிறி இழுக்கத் தொடங்கியதும் ஒரு வெள்ளைக் கடதாசியைக் கிறிலில் பிடித்துவிட்டேன். இடப்பக்க மேல் மூலையில் கடதாசி ஒட்டிக்கொண்டது. நடுவில் பாதி மனத்தோடு நின்றது. வலப்பக்கத்திலும் கீழேயும் பிடித்த கை எடுத்தவுடன் விழுந்தது. காற்று உள்ளே போகவில்லை.

ஆனால் முன்பக்கம் சுத்தம். அப்போதுதான் உறைத்தது. கிறிலுக்குப் பின்னால் முதலில் தெரிவது ரேடியேற்றர் அல்ல, ஏசியின் கொண்டென்ஸர். ரேடியேற்றர் அதற்குப் பின்னால், இரண்டு விரல் இடைவெளியில். இவ்வளவு நாளும் நான் ரோர்ச் அடித்துத் திருப்திப்பட்டது கொண்டென்ஸரைப் பார்த்து. மேல் பிளாஸ்டிக் மூடியின் ஒன்பது கிளிப்புகளையும் தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து, இடைவெளிக்குள் மேலேயிருந்து வெளிச்சம் அடித்தேன். உள்ளே கம்பளி போல ஒரு விரிப்பு. கனோலாக் கோது, கோதுமைச் சுணை, வெட்டுக்கிளிச் சிறகு, அதையெல்லாம் பிடித்து வைக்கச் சாம்பல் நிறத் தூசி. ரேடியேற்றரின் முகத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது மூடியிருந்தது. கீழே கையை விட்டுப் பார்த்தேன். கொண்டென்ஸரின் அடி விளிம்பை மூடியிருக்க வேண்டிய ரப்பர்ப் பட்டி கிழிந்து தொங்கியது. அந்த வாசலால்தான் எல்லாம் போயிருக்கிறது.

எப்போது போனது என்பதும் தெரியும். அதற்கு முந்தின நாள் பின்னேரம் ஒரு வயலோரம் கொம்பைன் என்கிற அறுவடை இயந்திரம் ஓடுவதைப் பார்க்க என்று வண்டியை நிறுத்தினோம். வெக்கை, அதனால் ஏசி போட்டு இன்ஜினை அரை மணித்தியாலம் ஓடவிட்டேன். நின்றது காற்றுக்குக் கீழ்ப்பக்கம். கிளிநொச்சியில் சூடடித்துப் பொலி தூற்றும்போது பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது காற்றுக்குக் கீழே நிற்காதே என்பது. இங்கே தூற்றுகிற வேலையைக் கொம்பைன் தன் வயிற்றுக்குள் செய்து, மணியைத் தொட்டிக்கும் பதரைப் பின்பக்கத்தால் வெளியேயும் அனுப்புகிறது. நான் போய் அந்தப் பதர் விழுகிற இடத்தில் விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

என்னிடம் இருந்தது ரயருக்குக் காற்றடிக்கிற 12 வோல்ற் பம்ப். அதன் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ரேப் சுற்றி ஊதிப் பார்த்தேன். மூச்சு விட்டதுபோல இருந்தது, ஒரு பிடி வந்தது. மரக்கரண்டிக் காம்பில் பெயின்ற் பிரஷைக் கட்டிச் சுரண்டினேன், இன்னொரு பிடி. இருட்டுப்படும் வரைக்கும் வேலை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருக்கையில் கிரவல் ரோட்டால் ஒரு பிக்கப் தூசி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அறுபது வயதிருக்கும், பக்கத்து வயல்காரர். பொனற் திறந்திருந்ததைக் கண்டுதான் வந்ததாகச் சொன்னார். எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் காலையில் கோப்பிக்கு முன்னம் செய்கிற வேலை இது. ஊதாமல் கொம்பைனை ஸ்டார்ட் பண்ண மாட்டோம்" என்றார். பிக்கப்பின் பின்தட்டில் பெரிய கொம்ப்ரஸர் இருந்தது.

அவர் சொல்லித் தந்த முறையை அப்படியே எழுதுகிறேன். முதலில் தண்ணீர் அடிக்கக் கூடாது. பதரும் தூசியும் தண்ணீரும் சேர்ந்தால் சுவரில் பூசுகிற களிமண் ஆகிவிடும், பிறகு ரேடியேற்றரைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். காய்ந்தபடியே ஊத வேண்டும். ஊதுகிற திசை காற்று வந்த திசைக்கு எதிர்: இன்ஜின் பக்கமிருந்து முன்னால். முன்னாலிருந்து ஊதினால் பதர் இன்னும் ஆழமாக இறுகும். தொட்டியில் 120 பி.எஸ்.ஐ. இருந்தாலும் முனையில் அவர் 40க்குக் குறைத்துவிட்டார். ரேடியேற்றரின் அலுமினியத் தகடுகள் சிகரெட் பெட்டித் தாள் மாதிரி. சரிவாகப் பிடித்து ஊதினால் வரிசையாக மடிந்து படுத்துவிடும். நேராகப் பிடித்து, ஒரு சாண் தள்ளி, மேலிருந்து கீழாக.

விசிறியின் கூட்டுக்குள் குழாயை விட்டு, அலகுகளுக்கு நடுவால் அவர் ஊதினார். இன்ஜின் அணைத்துச் சாவி மனைவியின் கையில். நான் இடைவெளியில் பிரஷும் விரலுமாக விழுவதை அள்ளினேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் அசையவில்லை. பிறகு விரிப்பின் மேல் விளிம்பு மெல்லக் கழன்றது. பாய் சுருள்வதுபோல அது தன் பாரத்திலேயே மடிந்து கீழே வந்தது. பின்பக்கத்தில் தகடுகளின் கோடு அச்சுப் பதித்ததுபோல இருந்தது. மாஸ்க் போட்டிருந்தும் தொண்டை அரித்தது, கை முழுக்கச் சுணை. நீளக் கைச் சட்டை போடுங்கள். நாற்பது நிமிடத்தில் பின்னாலிருந்து பார்க்க வெளிச்சம் தகடுகளுக்குள்ளால் தெரிந்தது. கடைசியில்தான் எங்கள் தாங்கித் தண்ணீரை, அமுக்கமில்லாமல், கழுவ விட்டோம்.

வேலை நடக்கும்போதே அவரிடம் அந்தக் கபில நிற வயலைப் பற்றிக் கேட்டேன். பிக்கப்பிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டினார். சின்னத் தட்டை மணிகள், மண் நிறம். ஒன்றைப் பல்லில் வைத்து உடைத்தேன், உள்ளே செம்மஞ்சள். மைசூர்ப் பருப்பு. சின்ன வயதில் சங்கக் கடையில் பையோடு வரிசையில் நின்று வாங்கியது, கல்கரியில் கிழமைக்கு நாலு நாள் எங்கள் அடுப்பில் வேகிறது. செடியில் நிற்பதை அன்றுதான் கண்டோம். முழங்கால் உயரம்கூட இல்லை. காய்கள் நிலத்தை ஒட்டித் தொங்குகின்றன. அதனால் விதைத்த பிறகு பெரிய இரும்பு உருளையை இழுத்துக் கல்லையெல்லாம் மண்ணுக்குள் அமுக்கிவிடுவார்களாம், இல்லாவிட்டால் நிலத்தைத் தடவி வெட்டுகிற கத்தி கல்லில் மோதும். மணி உடையாமல் இருக்கக் கொம்பைனின் உருளையையும் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

முன்பு இந்தப் பக்கத்தில் கோதுமை போட்டு அடுத்த வருஷம் நிலத்தைச் சும்மா விடுவது வழக்கம். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி 1978இல் லெயர்ட் என்ற பருப்பு இனத்தை வெளியிட்ட பிறகுதான் இங்கே பருப்பு பெரிதாகப் பரவியது. காற்றிலிருந்து நைதரசனை எடுத்து மண்ணில் சேர்க்கிற பயிர். சும்மா கிடந்த வருஷத்துக்கு ஒரு வருமானமும் வந்தது. இன்றைக்குக் கனடா உலகிலேயே அதிகமாகப் பருப்பு ஏற்றுமதி செய்கிற நாடு, அதில் மிகப் பெரிய பங்கு இந்த மாகாணத்தினுடையது. இலங்கையில் இதைத்தான் தேங்காய்ப்பாலில் காய்ச்சுவோம் என்று மனைவி சொன்னபோது அவர் ஒரு கணம் வேலையை நிறுத்திவிட்டு எப்படிச் செய்வது என்று விபரமாகக் கேட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். பயணத்துக்கென்று சுட்டு வைத்திருந்த பயித்தம் பணியாரத்தில் பாதியைக் கொடுத்தோம்.

மூன்றரைக்குத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினோம். கடதாசிச் சோதனை: நாலு மூலையிலும் ஒட்டியது. கிழிந்த ரப்பர்ப் பட்டிக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு பழைய துவாயை நீளமாக மடித்து, விசிறிக்கு எட்டாதபடி ஆறு சிப் டையால் கட்டினேன். கைல் ஊரைத் தாண்டினோம். 1964இல் ரோட்டு வெட்டும்போது மாமத் யானையின் எலும்புகள் கிடைத்த இடம், ஊருக்குள் அதன் சிலை நிற்கிறது. அதைத் தாண்டும்போது சூடு 93.

எல்றோஸுக்கு முன்னால் ஒரு கொம்பைன் எங்கள் பாதையில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் செம்மஞ்சள் முக்கோணம், வேகம் 30. அகலம் எங்கள் பாதையை நிரப்பி மற்றப் பாதையிலும் கொஞ்சம். எனக்குப் பின்னால் வந்த ஒரு கார் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் முந்தவில்லை, தூரம் விட்டுப் பின்னால் போனேன். ஐந்து நிமிடத்தில் கொம்பைன் திடீரென்று இடப்பக்கம் ஒரு வயல் வாசலுக்குத் திரும்பியது. இடப்பக்கமாக முந்தியிருந்தால் நேரே அதன் சக்கரத்துக்குள் போயிருப்போம். அவர்களுக்கு மழைக்கு முன்னால் இத்தனை நாள் என்று கணக்கு; அந்த ரோட்டில் விருந்தாளி நாங்கள்தான்.

சாஸ்கடூனை விட்டுவிட்டு ஆறு மணிக்கு ரோஸ்டவுனிலேயே நிறுத்தினோம். பொழுதுபட்ட பிறகும் ஓடலாம். ஆனால் அந்த நேரம் தூசி மூடுபனி போல ரோட்டில் நிற்கும், மானும் குறுக்கே வரும். காஸைத் திறந்து ஃபிரிட்ஜைப் போட்டால் அது பற்றவில்லை, டிக் டிக் என்று பொறி மட்டும். காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. வெளிப்பக்கத்துக் கீழ் மூடியைக் கழற்றினேன், பேர்னரின் வாயில் அதே பதர். காஸைப் பூட்டிவிட்டு, பழைய பல் பிரஷால் தட்டி, பேர்னர்க் குழாயை ஊதி, திரும்பப் பற்ற வைத்தேன். நீலச் சுடர் வந்தது. பத்து நிமிட வேலை. அடுத்து ஹீற்றரின் வெளி வாயைப் பார்த்தேன், அங்கேயும் கொஞ்சம். ஜெனரேட்டரின் காற்று ஃபில்ரரைத் தட்டினேன், கால் கோப்பை. இனி ஓடும்போது மட்டும் ஃபிரிட்ஜ் மூடிக்கு நுளம்பு வலை பூட்டுவேன், நிறுத்தியவுடன் கழற்ற வேண்டும். அது எரியும்போது வலை இருந்தால் மூச்சு முட்டும்.

வயல்காரர் தந்த கோப்பைப் பருப்பை மனைவி அன்றிரவே கழுவி ஏற்றினா. தோலோடு இருந்ததால் உடைத்த பருப்புப்போலப் பத்து நிமிடத்தில் கரையவில்லை, அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது, நிறமும் கபிலமாகவே நின்றது. ருசி கொஞ்சம் மண் கலந்த, பயறு போன்ற ருசி. எங்களைச் சுற்றி ஊருக்கு வெளியே கொம்பைன்களின் வெளிச்சம் நள்ளிரவு தாண்டியும் ஊர்ந்துகொண்டிருந்தது.

காலையில் ரோஸ்டவுனில் ஒரு இரும்புக் கடையில் குழாய்க்குச் சுற்றுகிற ஸ்பொஞ்ச் உறை இரண்டு மீற்றர் வாங்கினேன். துவாயை அவிழ்த்துவிட்டு, கொண்டென்ஸரின் அடி விளிம்பிலும் இரு பக்கத்திலும் அதைக் கவ்வவிட்டு சிப் டையால் இறுக்கினேன். மடிந்துபோன தகடுகள் ஒரு உள்ளங்கை அளவு உண்டு, அதற்குத் தகடு நிமிர்த்துகிற சீப்பு வாங்க வேண்டும். சாஸ்கடூன் போகும்வரை எதிர்காற்று. நூறு கிலோமீற்றருக்கு 29 லீற்றர் குடித்தது, சூடு 92.